வெள்ளம் வேணுமா?

மாசிக் கொடை சமயத்தில் மண்டைக்காட்டுக்கு வந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளும் ஊரில் பாதிப் பேச்சு மலையாளம்தான். இருமுடி கட்டி வரும் கேரளத்துப் பெண்கள் கடலில் முழுகி எழுந்து, புற்றாக வீற்றிருக்கும் பகவதியைத் தரிசிக்கப் போவார்கள். 'பெண்களின் சபரிமலை' என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு கொடையன்று, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவி வந்து உட்கார்ந்தாள். வெயிலில் வாடிப் போயிருந்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த என் பேத்தி உடனே கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாட்டா, நீங்க தமிழிலேயே பேசுங்க. இது மலையாளத்திலே சொல்லும்."

"வெள்ளம் வேணுமா?" என்று கேட்டேன்.

கைப்பேசி கணீரென்ற குரலில், "வெள்ளப்பொக்கம் வேணோ?" என்றது. பிரவாகம் வேண்டுமா என்று அர்த்தம்! கிழவி ஒரு கணம் திகைத்தாள். பிறகு பொக்கை வாய் திறந்து சிரித்தாள். "அது பதினெட்டில் கண்டு, மோளே. மதி!"

2018 ஆகஸ்டில் கேரளத்தையே முக்கியெடுத்த வெள்ளத்தைத்தான் சொல்கிறாள். 'மதி' என்றால் 'போதும்'.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். எங்கள் கல்குளம் பக்கத்துத் தமிழிலும் அப்படித்தான். நான் சொன்னது அவளுக்கு நேராகவே புரிந்திருக்கும். நடுவில் புகுந்த துபாஷிதான் காரியத்தைக் கெடுத்தான். அவனையும் குறை சொல்வதற்கில்லை. இரு மொழிகளிலும் எழுதிவைத்த வாக்கியங்களை லட்சக்கணக்கில் படித்துத்தான் இந்த யந்திரங்கள் மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்கின்றன. எங்கள் ஊர்ப் பேச்சை யார் எழுதிவைத்தார்கள், அவன் படிப்பதற்கு?

அப்படியானால் யந்திரத்தால் பிரயோசனமே இல்லையா என்று கேட்பீர்கள். எனக்கு அது செய்த உபகாரத்தைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

1956 நவம்பர் முதல் தேதி வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர் - கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அம்மா படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் பேசியது தமிழ். பேனா பிடித்தால் மலையாளம். கொல்லத்திலிருந்த தன் அக்காவுக்கு 1957-ல் அவள் எழுதித் தபாலில் சேர்க்காமல் விட்ட கடிதம் ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தெரிந்தவர்கள் ஊரில் உண்டு. ஆனால் அம்மாவின் கடிதத்தை அயலார் வாயால் கேட்க மனம் ஒப்பவில்லை.

அன்றிரவு கடிதத்தைக் கைப்பேசியின் முன் விரித்தேன். அயலாரும் இல்லை, உறவும் இல்லை, அதனிடம் என்ன வெட்கம்? அம்மாவின் கையெழுத்தில் நாலைந்து சொற்களை மட்டும் பொறுக்கிக் கொடுத்துவிட்டுக் கையை விரித்துவிட்டது. சரி, நாமே படித்துவிடுவோம் என்று அதனிடமே மாணவனாகச் சேர்ந்தேன்.

நமக்கு ஒரு 'க' போதும், அவர்களுக்கு நாலு. நாலையும் நூறு தடவை கேட்டாலும் கைப்பேசி அலுக்காமல் உச்சரித்துக் காட்டியது. எழுத்தை எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பது என்று திரையில் வரைந்து காட்டியது. எழுபது வயது கடந்தவன் தப்புச் செய்தால் சிரிக்காத வாத்தியார் வேறு எங்கே கிடைப்பார்?

ஆறு மாதத்தில் பேப்பர் படித்தேன். ஆனால் கடிதம் அப்போதும் மசியவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. 1971-ல் கேரளத்தில் லிபியைச் சீர்திருத்தினார்கள். உகரக் குறி அதுவரை எழுத்தோடு பின்னிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்திலும் ஒவ்வொரு கோலம் காட்டியது. அச்சுக்கும் டைப்ரைட்டருக்கும் வசதியாக அதைத் தனியே பிரித்து வைத்தார்கள். நான் கற்றது புதியது. அம்மா எழுதியது பழையது. 1978-க்கு முன் நான் எழுதிய துதிக்கை வைத்த 'லை'யைக் கண்டு என் பேத்தி விழிக்கிறாளே, அதே கதை.

அதற்கும் வழி திரையிலேயே இருந்தது. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் குண்டர்ட் பாதிரியாரின் சேகரிப்பை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 1872-ல் அவருடைய மலையாள அகராதி வெளிவந்த காலத்து எழுத்துக்களை, பேத்தி பெரிதாக்கிக் காட்ட, ஒவ்வொன்றாக அம்மாவின் கையெழுத்தோடு ஒட்டிப் பார்த்தேன்.

போன கொடைக்கு முந்தின நாள் கடைசி வரியை எட்டினேன். நெல் விலை, பசு கன்று போட்டது எல்லாம் எழுதிவிட்டு, முடிவில் அம்மா எழுதியிருந்தாள்: 'பையனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. இனி நான் எழுதுவதை இவன் வாசிக்கப் போவதில்லை.'

வெகுநேரம் பேசாமல் இருந்தேன். பேத்திக்குப் பொறுக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கு பாட்டா? இதிலே வாசிங்க, தமிழிலே சொல்லிடும்" என்று கைப்பேசியை நீட்டினாள்.

"வேண்டாம் மக்களே, நானே சொல்லுதேன்" என்றேன்.