கிளட்ச் போச்சு

'கிளட்ச் போச்சு' என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எது போயிற்று, எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. என் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றி ஒரு பட்டறையில் இந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லி, கியர்பாக்ஸை இறக்கிப் பிளேட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கவிதைகளைப் பற்றி நாம் எழுதுகிற முறை எனக்கு அங்கேயே ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பொய். அது பிறகுதான் வந்தது. அப்போது வந்தது செலவைப் பற்றிய பயம்.

ஹெரால்டு இந்தப் பக்கத்து வண்டி. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் இங்கே தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் செய்தார்கள். 1972இல் அதே வண்டி சற்று முகம் மாறி கெஸல் ஆயிற்று. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. மூன்று வருஷத்தில் கார் உற்பத்தியே நின்றது. ஆலை இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர்க் கம்பெனிகளின் கட்டடங்கள். அந்த வண்டியை அறிந்த கைகள் மட்டும் ஜி.எஸ்.டி. சாலையோரம் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. இரும்புலியூரில் ஒரு தகர ஷெட்டில் அப்படி ஒருவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும்.

பாய் கேட்ட முதல் கேள்வி: "இஞ்சின் ரேஸ் மட்டும் ஆவுதா சார், இல்ல கியர் உழ மாட்டேங்குதா?"

இரண்டும் எதிரெதிரான கோளாறுகள். பிளேட் தேய்ந்திருந்தால் இஞ்சின் அலறும், வண்டி நகராது. இது பிடிக்காத நோய். பெடலை அமுக்கியும் பிளேட் விலகாவிட்டால் இஞ்சின் ஓடும்போது கியர் கரகரக்கும், உள்ளே போகாது. இது விடாத நோய். இரண்டுக்கும் உலகம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: கிளட்ச் போச்சு. என்னுடையது விடாத நோய். இஞ்சினை நிறுத்தினால் கியர் சாதுவாக விழுந்தது. குரோம்பேட்டையிலிருந்து அப்படித்தான், முதல் கியரில் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து, ஓட்டி வந்திருந்தேன்.

இந்த வண்டியில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே கம்பி கிடையாது. எண்ணெய்தான். பெடல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, பிரேக் ஆயில் குழாய் வழியே போய்க் கீழ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். திரவம் அமுங்காது, இங்கே தந்த அழுத்தம் அங்கே வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் வழியில் எங்கோ தொலைகிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

பாய் வரிசையாகப் போனார். மேலே கிண்ணத்தில் ஆயில் பாதிக்கும் கீழே. நிறைந்திருந்தால், மாஸ்டரின் உள் ரப்பரைத் தாண்டி ஆயில் திரும்பி வருகிறதென்று சந்தேகப்படலாம். குறைந்திருப்பதால் வெளியே ஒழுகுகிறது. மாஸ்டரின் பின்பக்கம், பெடல் கம்பி நுழையும் இடம், காய்ந்திருந்தது; அதன் கீழே பெயிண்ட் உரியவில்லை. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். குழாய் இணைப்புகளில் ஈரமில்லை. கீழ் சிலிண்டரின் தூசி ரப்பரை விரலால் விலக்கினார், சொட்டிற்று. அப்போதும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. பையனைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழே படுத்துத் தள்ளுகோல் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். கொஞ்சம்தான் நகர்ந்தது. முழுக்க நகர்ந்தும் பிளேட் விலகவில்லை என்றால்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். முதல் பட்டறைக்காரர்கள் முதலில் வைத்தது இவருக்குக் கடைசிப் படி.

பிஸ்டனை எடுத்தால் ரப்பர் வாஷரின் உதடு தேய்ந்திருந்தது. சிலிண்டர்ச் சுவரில் சிறு அரிப்பு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சும்மா நிற்கும் வண்டியில் அந்த ஈரம் உலோகத்தைத் தின்னும். அரிப்பு ஆழமில்லை, நைஸ் எமரித் தாளால் தேய்த்து, புது பிரேக் ஆயிலில் கழுவினார். ரப்பரைப் பெட்ரோலிலோ இஞ்சின் ஆயிலிலோ கழுவக் கூடாது, ஊதிவிடும். புது ரப்பர் கிட் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையிலிருந்து வந்தது. பிறகு ஏர் எடுத்தார்கள். நிப்பிளில் ஒரு டியூப், அதன் மறுமுனை ஆயிலுள்ள பாட்டிலில் முங்கியபடி. "அமுக்கு... புடி... உட்றாத." நிப்பிளைத் திறக்கக் குமிழிகள் வந்தன, மூடிய பிறகே பையன் காலை எடுக்க வேண்டும், முந்தினால் காற்று திரும்ப உள்ளே போகும். காற்று அமுங்கும். வரும் அழுத்தத்தைத் தானே வாங்கிக்கொண்டு எதையும் மறுபக்கம் அனுப்பாது. குமிழி நிற்கும்வரை இது நடந்தது. பெடல் கெட்டிப்பட்டது.

ஹெரால்டு வந்த அதே 1959இல்தான் சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' வந்தது. அன்றிலிருந்து புதுக்கவிதைமேல் சொல்லப்படும் குற்றம் 'புரியவில்லை'. இதுவும் 'கிளட்ச் போச்சு' மாதிரி ஓர் அறிகுறிதான். எழுதியவனிடம் அழுத்தமே பிறக்காமல் இருந்திருக்கலாம். பிறந்தது ஒரு தளர்ந்த வரியில் ஒழுகியிருக்கலாம். 'பிரபஞ்சம்', 'சூன்யம்' என்று காற்றடைத்த வார்த்தைகள் அதை வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாம் சரியாக வந்துசேர்ந்தும் வாசகனிடம் ஏதோ இறுகிப் போயிருக்கலாம். இவை ஒன்றல்ல, மருந்தும் ஒன்றல்ல. ஆனால் எதிர்த்தரப்பு கவிதையைத் தூக்கி எறிகிறது. நம் தரப்போ 'வாசகனுக்குப் பயிற்சி போதாது' என்கிறது. இதுவும் பானெட்டைத் திறக்காமல் கியர்பாக்ஸை இறக்குகிற வேலையே.

காருக்குச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று, கவிதைக்கு அப்படியல்ல என்று சொல்வார்கள். உண்மை. கவிதைக்கு ரப்பர் கிட்டும் கிடையாது. நான் கேட்பது பாயின் முடிவை அல்ல, அவருடைய வரிசையை. ஓர் இளைஞரின் முதல் தொகுப்பை நாம் ஒற்றை வரியில் 'சோடை' என்று எழுதிவிடுகிறோம். அவர் அடுத்ததை எழுதாமலே போய்விடக்கூடும். அந்த வரிக்குப் பதில், இந்தக் கவிதையில் இந்த வரிவரை வந்தது, இந்த வார்த்தையில் தொலைந்தது என்று எழுதலாம். அவர் மறுத்தால், இரண்டு பேரும் அந்த வரியை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்க முடியும். 'சோடை'யை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது?