ஐன்ஸ்டீன் வைத்த கடன்... காந்தி கொடுத்த சம்பளம்!

நியூயார்க்கில் மஞ்சள் டாக்ஸியில் ஏறினால் மீட்டரைப் பார்க்காதீர்கள். வயிறு கலங்கும். அதற்குப் பதிலாக, டிரைவரின் லைசென்ஸ் போட்டோவோடு மாட்டியிருக்கும் பாருங்கள், அதில் அவர் பெயரைப் படியுங்கள்.

1970-களில் ஒரு அம்மாள் அப்படித்தான் படித்தார். படித்துவிட்டு, ரொம்பப் பிரபலமான இசையமைப்பாளர் ஒருவருக்கும் இதே பெயர்தான் என்று டிரைவரிடமே சொன்னாராம். டிரைவரின் பெயர் ஃபிலிப் கிளாஸ். அந்தப் பிரபலமும் சாட்சாத் அவரேதான்!

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் என் கும்பகோணத்து நண்பன். நியூயார்க்கில் பத்து வருஷமாக இருப்பவன். 2011 நவம்பரில் ஆபீஸ் செலவில் மூன்று வாரம் அங்கே போயிருந்தேன். பகலெல்லாம் கம்ப்யூட்டர், ராத்திரி அவன் வீட்டுத் தயிர்சாதம் என்று அமெரிக்காவை அனுபவித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கேட்டான்.

"டேய், காந்தியைப் பத்தி ஒரு ஆப்பெரா போட்டிருக்கான். முழுக்க சமஸ்கிருதத்துல பாடறாங்க. வர்றியா?"

"யார் பாடறா?"

"வெள்ளைக்காரங்கதான்."

"வேற எடமே கெடைக்கலையாடா உனக்கு?"

"ஏழு வருஷம் வயலின் கத்துக்கிட்டவனாச்சேன்னு கேட்டேன். வேண்டாம்னா விடு."

அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. ஏழு வருஷம் கற்றுக்கொண்டது வாஸ்தவம். வர்ணம் வரைக்கும் வந்தேன். வேலை கிடைத்தது, வயலின் பரணுக்குப் போனது. யாராவது கேட்டால், "எங்க சார் நேரம்? ஆபீஸே உயிரை எடுக்குது" என்பேன். இதே பதிலைப் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் ஆட்சேபித்ததில்லை.

"சரி, வர்றேன்" என்றேன்.

* * *

மத்தியானமே ஆபீஸுக்கு மட்டம் போட வைத்து, முதலில் ஸோஹோ பக்கம் அழைத்துப் போனான். வாசலில் இரும்புத் தூண்கள் வைத்த பழைய கட்டடங்கள். அந்தக் காலத்தில் தொழிற்சாலையும் கிடங்குமாக இருந்தவை. அவை காலியானபோது, வாடகை மலிவு என்று ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் வந்து குடியேறினார்கள். இப்போது அந்த வாடகைக்கு ஒரு ஜோடி செருப்புகூட வாங்க முடியாது. அத்தனையும் ஃபேஷன் கடைகள்.

"இந்த ஏரியாவுலதான்டா கிளாஸ் குழாய் ரிப்பேர் பண்ணாரு" என்றான் நண்பன்.

நிஜம்தான். ஒரு தடவை பாத்திரம் கழுவும் மெஷின் பொருத்த ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஏதோ சத்தம். நிமிர்ந்தால், வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். அவர் 'டைம்' பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ்! நீங்கள் கலைஞராயிற்றே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று அவர் பதறினார். கலைஞன்தான், சில சமயம் பிளம்பரும்கூட, வேலையை முடிக்க விடுங்கள் என்று கிளாஸ் சொல்லிவிட்டார்.

மனுஷர் செய்யாத வேலை இல்லை. 1937-ல் பால்ட்டிமோரில் பிறந்தவர். அப்பா ரிக்கார்டு கடை வைத்திருந்தார். விற்காத ரிக்கார்டுகளை, இதில் என்னதான் குறை என்று கண்டுபிடிக்க ராத்திரி வீட்டுக்கு எடுத்து வந்து போட்டுக் கேட்பாராம். கேட்டுக் கேட்டு அவருக்கே அது பிடித்துப்போய்விடும். பிள்ளையின் சங்கீதம் அங்கே ஆரம்பித்தது. 15 வயதில் சிகாகோ பல்கலைக்கழகம், கணக்கும் தத்துவமும். பிறகு, மியூசிக் படிக்க நியூயார்க் போகிறேன் என்றதும், ஊர் ஊராக ஓட்டலில் தங்கி வாழ்க்கை ஓட்டும் உன் மாமன் மாதிரிதான் ஆவாய் என்று எச்சரித்தார் அம்மா. (அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்!) பணத்துக்கு இரும்பு ஆலையில் சில மாதம் வேலை பார்த்துவிட்டு ஜூலியார்ட் இசைப் பள்ளிக்குப் போனார். அப்புறம் பாரிஸில் நாதியா பூலான்ஷே என்ற கறாரான டீச்சரம்மாவிடம் பாடம்.

பாரிஸில்தான் நம்ம ஊர்க்காற்று அடித்தது. 1960-களின் நடுவில் ரவிசங்கர் அங்கே ஒரு படத்துக்கு இசையமைக்க வந்தார். அவர் வாசிப்பதை வெள்ளைக்கார வாத்தியக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்கும் வேலை கிளாஸுக்கு. அவர்கள் வழக்கப்படி நாலு நாலு எண்ணிக்கையாகக் கோடு போட்டுப் பிரித்து எழுதினார். கேட்டுப் பார்த்த தபலா மேதை அல்லா ரக்கா தப்பு என்றார். மாற்றினார். மறுபடி தப்பு. கடைசியில் ஆத்திரத்தில் அத்தனை கோடுகளையும் அழித்தார். அழித்த பிறகு பார்த்தால், தாளம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறது!

'தகிட' என்று மூன்று, 'தகதிமி' என்று நாலு, அதைக் கூட்டிக் குறைத்துக் கோத்துக்கொண்டே போவது நமக்குக் கோயில் மேளத்திலேயே கேட்டுப் பழக்கம். அவருக்கு அது புதையல். 1966 வாக்கில் இந்தியாவுக்கே வந்து சுற்றிவிட்டு, நியூயார்க் திரும்பி, சின்னச் சின்ன ஸ்வரக் கோவைகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் இசையை எழுத ஆரம்பித்தார்.

சனங்கள் மிரண்டார்கள். இந்த இசையை வைத்து அங்கே ஒரு பிரசித்தமான ஜோக். 'டொக் டொக்.' 'யாரது?' 'டொக் டொக்.' 'யாரது?' 'டொக் டொக்.' 'யாரய்யா அது?' 'ஃபிலிப் கிளாஸ்!' ஹாலந்தில் ஒரு கச்சேரியில் கடுப்பான ரசிகர் ஒருவர் மேடையேறிக் கட்டைகளைத் தட்டிக் கலாட்டா செய்ய, கிளாஸ் ஒரு கையால் வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் அவருக்கு ஒன்று விட்டார். வாசிப்பு நிற்கவில்லை.

சாப்பாட்டுக்கு? சாமான் தூக்கும் வேலை, குழாய் வேலை, டாக்ஸி. சாயந்திரம் வண்டியை எடுத்தால் நள்ளிரவு தாண்டி வீடு. அப்போது உட்கார்ந்து விடியும்வரை இசை எழுதுவார். காலையில் குழந்தைகளை ஸ்கூலில் விட்டுவிட்டுத்தான் தூக்கம்.

"எத்தனை வருஷம் இப்படி?" என்று கேட்டேன்.

"41 வயசு வரைக்கும்."

எனக்கு அப்போது வயது 34. நான் செருப்புக் கடையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

* * *

ரயில் பிடித்து 66-வது தெருவில் இறங்கினால் லிங்கன் சென்டர். நடுவில் நீரூற்று, அதற்குப் பின்னால் ஐந்து உயரமான வளைவுகளோடு மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா. கண்ணாடி வழியே சாகல் வரைந்த இரண்டு ராட்சத ஓவியங்கள் தெரிகின்றன. கிட்டத்தட்ட 3,800 பேர் உட்காரலாம். எங்கள் டிக்கெட் உச்சாணி மாடியில். அங்கிருந்து பார்த்தால் மேடையில் இருப்பவர்கள் கொலு பொம்மை சைஸ்.

இதே அரங்கில்தான் 1976 நவம்பரில், ராபர்ட் வில்சன் என்ற டைரக்டரோடு சேர்ந்து கிளாஸ் 'ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்' என்ற ஆப்பெராவைப் போட்டார். அப்போதெல்லாம் மெட்ரோபாலிட்டனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அந்த ஞாயிறுகளை வாடகைக்கு எடுத்தார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இடைவேளையே கிடையாது, யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விட்டு வரலாம். அரங்கு நிறைந்தது. பத்திரிகைகள் எழுதின. கணக்குப் பார்த்தால் லட்சம் டாலரை நெருங்கிய கடன்! ஆப்பெராவில் டிக்கெட் அத்தனையும் விற்றாலும் செலவு தேறாது என்பது அவருக்கு அப்புறம்தான் புரிந்தது. திரும்பிப் போய் டாக்ஸியை எடுத்தார். ஆரம்பத்தில் சொன்ன அம்மாள் ஏறியது இந்தச் சமயத்தில்தான்.

1978-ல் ஹாலந்து ஆப்பெராக்காரர்கள் ஒரு புது ஆப்பெரா கேட்டுப் பணம் கொடுத்தார்கள். கிளாஸ் எடுத்துக்கொண்ட விஷயம், தென் ஆப்பிரிக்காவில் காந்தி. பெயர் 'சத்யாகிரஹா'. 1980-ல் ராட்டர்டாமில் அரங்கேறியது. அந்தப் பணம் வந்த பிறகு டாக்ஸிக்கு விடை கொடுத்தார். ஐன்ஸ்டீன் இழுத்துவிட்ட வண்டியிலிருந்து காந்தி இறக்கிவிட்டார்!

விளக்கு அணைகிற நேரம். நட்சத்திரக் கொத்து மாதிரி தொங்கிக்கொண்டிருந்த சர விளக்குகள் மெல்ல மேலே ஏறிக் கூரைக்குப் போய்விட்டன. அடேயப்பா, இதற்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பாட்டு முழுக்க கீதையின் ஸ்லோகங்கள். பித்தளை வாத்தியம், டிரம் எதுவும் கிடையாது. தந்தி வாத்தியங்கள், குழல் வகைகள், ஓர் ஆர்கன், அவ்வளவுதான். நம் எம்.கே.டி. காலத்துப் படத்தில் வசனத்தை அடியோடு எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அது மாதிரி. மேடையில் பழைய செய்தித்தாளைக் கசக்கி, ஒட்டி, ஆளுயரத்தைப் போல் பல மடங்கு பொம்மைகள் செய்து நடக்க விட்டார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. காந்தி தென் ஆப்பிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகைக்கு ஒரு காட்சியே உண்டு. 1903-ல் அது தொடங்கியபோது நாலு மொழிகளில் வந்தது. அதில் ஒன்று தமிழ்.

பக்கத்து ஸீட் வெள்ளைக்கார அம்மாள் இடைவேளையில் என் பக்கம் திரும்பி, நீங்கள் இந்தியராயிற்றே, அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ஏதோ தர்மத்தைப் பற்றி என்று சமாளித்தேன். நண்பன் காதைக் கடித்தான்: "கீதையில எதைக் கேட்டாலும் அந்தப் பதில் சரியாத்தான்டா இருக்கும்!"

மூன்றாவது அங்கம், 1913-ல் நியூகாஸில் ஊரிலிருந்து நடந்த யாத்திரை. இங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்து, காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லைக்கு நடந்தவர்கள் 2,000 பேருக்கு மேல். அதில் தமிழர்கள் ஏராளம். சுரங்கம் சுரங்கமாகப் போய் வேலைநிறுத்தத்துக்கு முதலில் ஆள் திரட்டிய பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையைப் பள்ளிக்கூடப் பாடத்தில் ஐந்து மார்க்குக்குப் படித்திருக்கிறேன். நியூயார்க்கில் உச்சாணி மாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அழுகை வந்தது.

கடைசிக் காட்சி. மேடையில் காந்தி தனியாக. பின்னால் உயரத்தில், நமக்கு முதுகைக் காட்டியபடி மார்ட்டின் லூதர் கிங். காந்தி எட்டு ஸ்வரங்களை ஏறுமுகமாகப் பாடுகிறார். மறுபடி அதே எட்டு. மறுபடி. மொத்தம் 30 தடவை! வார்த்தைகள் எங்கோ கேட்ட மாதிரி இருந்தன. அட, தூர்தர்ஷன் மகாபாரதம் தொடங்கும்போது ஞாயிறுதோறும் கேட்ட அதே ஸ்லோகம்!

ஆனால் என்னை உலுக்கியது வார்த்தை இல்லை. மூன்றாவது தடவை பாடும்போது என் இடது கை விரல்கள் மடியில் தானாக நகர ஆரம்பித்தன. அந்த ஏறுமுகம் தோடி ராகத்தின் ஆரோகணம்! கமகம் இல்லாமல் மொட்டையாகப் பாடினார்கள். எங்கள் வயலின் வாத்தியார் கேட்டால், இது தோடியே இல்லைடா என்று அடித்திருப்பார். இருந்தாலும் ஸ்வர ஸ்தானங்கள் அவைதான். பதினோரு வருஷம் பரணில் கிடந்ததை விரல் மறக்கவில்லை. 'நேரம் இல்லை'யென்று சொன்னது நான்தான், விரல் இல்லை.

* * *

நான் ஊர் திரும்பிய பிறகு, டிசம்பர் 1 அன்று, அந்த ஆப்பெராவின் கடைசிக் காட்சி முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது லிங்கன் சென்டர் வாசலில் ஓர் ஆர்ப்பாட்டம். போலீஸ் தடுப்பு. பணக்காரர்களுக்கு எதிரான 'வால் ஸ்ட்ரீட்' போராட்டக்காரர்கள். அங்கே கிளாஸே வந்து, ஆப்பெராவில் வரும் அதே கீதை வரிகளை ஆங்கிலத்தில் சொன்னார். மைக் இல்லை. அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. திரும்பத் திரும்பச் சொல்வதுதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே!

நஷ்டத்துக்கு வாடகை கொடுத்த அதே மெட்ரோபாலிட்டன் 1992-ல் 'தி வாயேஜ்' ஆப்பெராவுக்காக அவருக்கு 3,25,000 டாலர் கொடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பெராக்கள், ஒரு டஜனுக்கு மேல் சிம்பொனிகள், 'குந்துன்', 'தி ஹவர்ஸ்' மாதிரி படங்கள், 1990-ல் பழைய ரவிசங்கரோடு சேர்ந்து ஒரு ஆல்பம் என்று பட்டியல் பெரிசு. அதெல்லாம் எனக்கு அண்ணாந்து பார்க்கிற சமாசாரம். எட்டுகிற உயரத்தில் இருப்பது ஒன்றுதான். நள்ளிரவு தாண்டி வண்டியை விட்டுவிட்டு வந்து அவர் பேனாவைத் திறந்தது.

பொங்கலுக்குப் பழைய சாமான் ஒழிக்கும்போது வயலினை இறக்கினேன். தந்தி நாலும் அறுந்திருந்தது, பெட்டிக்குள் ஒரு பல்லி குடித்தனம். புதுத் தந்தி போட்டேன். 41 வயது வந்து, போயும் விட்டது. யாரும் ஆப்பெரா கேட்டுப் பணம் அனுப்பவில்லை. இன்னும் அதே ஆபீஸ்தான். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அரை மணி நேரம் என்னுடையது.

முதல் நாள் தோடி ஆரோகணத்தை 30 தடவை வாசிப்பதென்று உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது தடவையில் காலிங்பெல். கீழ்வீட்டு மாமா, கையில் டார்ச்சோடு.

"ஏம்ப்பா, உங்காத்துல குழாய் ஏதாவது ரிப்பேரா?"

"ஆமா மாமா, நானேதான் சரி பண்ணிண்டிருக்கேன். கொஞ்சம் நாளாகும்" என்றேன்.