வாடைக் காற்றில் சுருவில் பயணம்

யாழ்ப்பாணத்தார் திசைக்கொரு காற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றனர். மேற்கிலிருந்து வீசுவது கச்சான், தெற்கிலிருந்து சோளகம், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து மாரி மழையைச் சுமந்து வருவது வாடை. கடலோடிகளுக்கு இப்பெயர்கள் அன்றாடச் சோற்றோடு சம்பந்தப்பட்டவை. பட்டினத்தில் வாழும் நமக்கோ அவை வெறும் சொற்கள். மாரிகாலத்திலே துவிச்சக்கர வண்டியில் தீவுப்பகுதிக்கு ஒருமுறை போய் வந்தால் அந்நிலை மாறிவிடும்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் நாங்கள் ஒன்பதுபேர் யாழ்ப்பாணத்திலிருந்து சுருவிலுக்குப் புறப்பட்டோம். ஆசிரியர் மூவர், புவியியல் பயிலும் மாணவர் அறுவர். வங்கக் கடலில் தாழமுக்கம் ஒன்று தொலைவில் நின்றது. வானம் கருமையாயிருந்ததேயன்றி மழை இல்லை. தீவுக் கிணறுகளின் நீரைச் சுவைத்துப் பார்த்து, போத்தல்களில் எடுத்து வருவதே பயண நோக்கம். பின்னர் ஊர்காவற்றுறைக்குச் சென்று, ‘பாதை’ என்று மக்கள் வழங்கும் மிதவையில் காரைநகருக்குக் கடந்து, பொன்னாலை வழியாக வட்டமிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

போகும் பயணம் பேரின்பம். பண்ணையிலிருந்து மண்டைதீவுச் சந்திக்குச் செல்லும் கடல் வீதி தென்மேற்கு நோக்கியது. வாடை முதுகிலே கைவைத்துத் தள்ளிற்று. அல்லைப்பிட்டியும் மண்கும்பானும் பாட்டும் சிரிப்புமாகக் கழிந்தன. மாணவர் தங்கள் கால்வலிமையைப் புகழ்ந்துகொண்டனர். வேலணையில் நின்று இளைப்பாற வேண்டும் என்றுகூட எவருக்கும் தோன்றவில்லை.

சுருவில், வேலணைத் தீவின் மேற்குக் கரையை ஒட்டிய சிற்றூர். பனைகள், கிடுகு வேலிகள், அவற்றுக்கிடையே பூட்டிய வீடுகள். 1990இல் போர் தீவுகளுக்குள் நுழைந்தபோது இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பவில்லை. தீவார் பலரின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் பிரான்சிலும் வளர்கின்றனர். ஆளில்லாத வளவொன்றின் கிணற்றை எட்டிப் பார்த்தோம். நீர் கையெட்டும் உயரத்தில் நின்றது.

இத்தீவுகளில் ஆறில்லை. சுண்ணக்கல்லின் வழியே கீழிறங்கும் மழைநீர், தன்னிலும் கனமான கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது புவியியலார் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் அவ்வில்லை மெலிந்து உவர் மேலேறும். ஆகவே மாரியே தீவாரின் வங்கி. அன்று எங்களை அலைக்கழித்த வாடைதான் அந்த வங்கிக்கு வரவு கொண்டுவந்தது.

போத்தல்களை நிரப்பிக்கொண்டிருக்கையில் பெரியவர் ஒருவர் வந்தார். “மாஸ்ரர், பாதை இண்டைக்கு ஓடாது. வாடை இன்னும் இறுகும். பிள்ளையளோட வெள்ளன வெளிக்கிடுங்கோ,” என்றார். தேநீரும் பனங்கட்டியும் தந்துதான் விட்டார். வட்டமாகத் திரும்பும் எண்ணம் அத்தோடு முடிந்தது. வந்த வழியே காற்றை எதிர்த்து, ஏறக்குறைய 20 கிலோமீற்றர்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வகுப்பறையில் இதைக் கரும்பலகையில் எழுதுவது எளிது. மண்கும்பானைத் தாண்டுமுன் மழையும் வந்தது. மாணவருள் மிகச் சிறியவன் இரவல் வண்டியில் வந்திருந்தான். சங்கிலி அடிக்கடி கழன்றது. “சேர், நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் ஆறுதலா வாறன்,” என்றான். பலசாலிகள் இருவர் முன்னே போய்ப் புள்ளியாகத் தேய்ந்தனர். அவர்களைக் கூவி நிறுத்தினோம். இருபுறமும் கடலாயிருக்கும் வீதியில், இருள் வருமுன், ஒருவனைத் தனியே விடுவதற்கில்லை.

அதன்பின் வரிசை அமைத்தோம். முன்னே செல்பவன் காற்றை உடைக்க, அவனை ஒட்டிப் பின்செல்வோருக்கு உழைப்பில் நாலிலொரு பங்கேனும் மிச்சமாகும். பந்தய ஓட்டக்காரர் அறிந்த கலை இது. பத்து மின்கம்பத்துக்கு ஒருவர் முன்செல்வது. சிறியவனுக்கு முன்முறை இல்லை, அவன் எப்போதும் நடுவில்.

ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் லைடன் என்று பெயரிட்டனர். அந்நாட்டிலே எதிர்காற்றுச் சைக்கிள் போட்டி என்றொரு விநோதம் 2013இல் தொடங்கியது. ஊஸ்டர்ஸ்கெல்டே கடலணையின்மேல், பல்சக்கர மாற்றமில்லாத சாதாரண வண்டிகளில், புயற்காற்று வீசும் நாளாகப் பார்த்து 8.5 கிலோமீற்றர் ஓட்டுவார்களாம். இதை மண்டைதீவுச் சந்தியில் சொன்னபோது மாணவர் எவரும் சிரிக்கவில்லை.

பண்ணை வீதிதான் கடைசிச் சோதனை. அது இப்போது நேரே வாடையை நோக்கியது. அலை கல்லில் மோதித் தெறித்த உவர்நீர் கண்ணைக் கரித்தது. பாதியில் ஓட்டுவதைக் கைவிட்டு, வண்டியைக் காற்றுப்பக்கம் சாய்த்துப் பிடித்தபடி நடந்தோம். எங்களில் ஆசிரியர் மூவரும் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மாணவராயிருந்தவர்கள். எரிபொருள் இல்லாத அந்நாளில் விறகும் நோயாளரும் சைக்கிளிலேதான் போயினர். 2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்றபோது அதே வண்டிகள் மீண்டும் தூசு தட்டப்பட்டன. இக்கதையைச் சொல்லத் தொடங்கினோம். காற்று பாதியை அள்ளிக்கொண்டு போயிற்று. “என்ன சேர்?” என்று பின்னிருந்து குரல் வந்தது. திரும்பச் சொன்னோம். நடந்துகொண்டே முழுவதையும் கேட்டுவிட்டார்கள்.

பட்டினத்து விளக்குகள் தெரிந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பண்ணைக் கரையில் தலைகளை எண்ணினோம்: ஒன்பது. போத்தல்கள் ஏழில் இரண்டு வழியில் உடைந்திருந்தன. சுருவில் நீர் சிறியவனுடைய பையில், சாரத்துணியில் சுற்றியபடி, முழுதாய் இருந்தது.