இத்தலார் மூடுபனி குடிச்ச பொட்டலம்

துபாய் அக்காவுக்குக் கப்பல்ல அனுப்பின தேயிலைத்தூள் பூஞ்சை வாடையோட போய்ச் சேர்ந்துச்சு. "அம்மா கட்டிக்கொடுத்ததைக் குப்பையில கொட்டிட்டேன்டா"ன்னு போன்ல அழுதுட்டா.

ஷூ டப்பாவுல வந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் பத்து உள்ளே போட்டிருந்தேனே? அங்கதான் கோட்டை விட்டேன் மக்களே. ஆடி மாசம் எங்க இத்தலார்ல சுவரே வேர்க்கும். அலமாரியில ரெண்டு வருஷம் கிடந்த பொட்டலம், ஊர் மூடுபனியைக் குடிச்சு முன்னாடியே வயிறு ரொம்பியிருக்கு! ஜெல் தன் எடையில சுமார் 40 சதவீதம் வரைக்கும்தான் குடிக்கும். தூளோ, ஃபேக்டரியில 3 சதவீத ஈரத்துக்குக் காய்ஞ்சு வர்றது, கிடைச்சதை உறிஞ்சும். ராத்திரி கன்டெய்னர் கூரை குளிர்ந்தா உள்ளேயே மழைதான்.

நிறம் மாறுற நீல ஜெல்லுல கோபால்ட் இருக்கு, சாப்பாட்டுச் சாமானோட ஆகாது. வெள்ளைதான் வாங்கினேன். அம்மா அதை இறுக்கமான டப்பாவுல மூடி வெச்சிருக்காங்க. வெயில் அடிக்கிற அன்னிக்குத்தான் பார்சல் கட்டணுமாம்.

இன்னிக்கும் மூடுபனி.