எந்தக் கால்வாய்

சில வருஷங்களுக்கு முன் பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். கறுப்புத் தண்ணீர், நாற்றம், நகரத்தின் குடல் – நம்மிடையே புழங்கும் சரக்குதான். நண்பர்கள் இருவர் பாராட்டினார்கள். நைனா படித்துவிட்டு, "இது எந்தக் கால்வாடா?" என்று கேட்டார்.

அவர் பேசின் பிரிட்ஜ் பக்கத்துக்காரர். அவர் சிறுவயதில் சவுக்குக் கட்டை ஏற்றிய படகுகள் வடக்கிலிருந்து வருமாம். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். கரையோரம் விறகுத் தொட்டிகள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தத் தண்ணீரால்தான் என்பார்.

பிறகுதான் விவரம் தேடினேன். பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் 1806 வாக்கில் எண்ணூர்வரை வெட்டியது. சால்ட் கொட்டார்ஸ் என்கிறோமே, அது நம் கொட்டாரம்தான். உப்பைச் சேர்த்துவைத்த களஞ்சியம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877–78 பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வயிறு ஒட்டியவர்கள் தோண்டினார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. 1876இல் தோன்றிய பக்கிங்ஹாம் மில்லுக்கும் அவர் பெயரே. பின்னால் அது கர்னாடிக் மில்லோடு சேர்ந்து பி அண்ட் சி ஆயிற்று. தாத்தா அங்கே காக்கித் துணி நெய்தார். 1918இல் சங்கம் பிறந்ததும், 1921 வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பில் சாதிக்குச் சாதி வீடுகள் எரிந்ததும் அந்த மில்லை ஒட்டித்தான். எரிந்ததைத் தாத்தா வாயால் நான் கேட்டதில்லை. சங்கத்தைப் பற்றி மட்டும் பேசுவார்.

1996இல் மில் மூடியபோது நைனா வீட்டுக்கு வந்தார். மில்லோரமாக வரும் ஓட்டேரி நாலா இன்றும் கால்வாயில்தான் கலக்கிறது. தெற்கே பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. படகு திரும்ப வராது என்று கான்கிரீட்டில் எழுதிக் கொடுத்தாயிற்று.

நாற்றம் பொய்யில்லை. ஆனால் என் கவிதையில் நாற்றம் யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. எனக்குள் இருந்த ஏதோ சலிப்புக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. கால்வாய் கையருகே கிடந்தது. படிமம் என்ற பெயரில் நாம் செய்கிற இந்தச் சௌகரியத்தை மற்றவர்கள் கவிதைகளில் நான் கறாராகக் கண்டித்திருக்கிறேன்.

போன மாதம் நைனாவோடு பாலத்தில் நின்றேன். தொட்டி இருந்த இடங்களை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே போனார். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தேன். வீடு திரும்பி, அந்தக் கயிற்றைக் கவிதைக்குள் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.