ஒரு மங்கு கழுவும் நேரம்

போன தீபாவளிக்கு மறுநாள் சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டில் பதினைந்து பேருக்கு மதியச் சாப்பாடு. ஆண்கள் சாப்பிட்டு எழுந்து, பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து, அம்மா தனக்கென்று ஒரு மங்கு எடுத்து உட்காரும்போது மணி நான்கு. அண்ணனும் சித்தப்பா மகனும் சாப்பிட்ட இடத்திலேயே எச்சில் மங்கை விட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவங்கவங்க மங்க அவங்கவங்களே கழுவுனா என்ன?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

சித்தப்பா சிரித்தார். "டேய், இவ பெண்ணியவாதிடா. ஆம்பளைங்கன்னாலே ஆவாது. பாத்து இருந்துக்குங்க." வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு இன்றும் உறுத்துவது என்னுடைய அந்தச் சிரிப்புதான்.

இரவு எல்லாரும் போனபின் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் லோரி ஓட்டிய முதுகு, நேராகச் சாயாது. "நெசமாவே ஆம்பளைங்கள புடிக்காதாம்மா உனக்கு?" என்றார். குரலில் கேலி இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது.

நண்பர்கள் கேட்டால் இதற்கு என்னிடம் பத்து பதில் உண்டு. அப்பாவிடம் ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது.

பத்தொன்பது வயதில், கூட்டமான பேருந்தில் ஒருவன் என்மேல் கை வைத்தான். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். பிறகு பல மாதம் எந்த ஆண் பக்கத்தில் வந்தாலும் உடம்பு கூசியது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பா தலையைத் தடவ வந்தார். சட்டென்று விலகிவிட்டேன். ஏன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

அந்த மாதங்களில் பெண்ணியம் பற்றி நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை. வெறுப்பைப் புத்தகம் கொண்டுவரவில்லை. பின்னால் படிக்கத் தொடங்கியபோதுதான் அது மெல்ல இறங்கியது. அவன் கை நீண்டதற்கும், மற்றவர்கள் வாய் மூடி நின்றதற்கும், "நீ ஏன் அந்த பஸ்ல ஏறுன?" என்று என் தோழியே கேட்டதற்கும் பின்னால் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது என்று புரிந்தது. அந்தப் பழக்கத்தின்மேல் கோபப்படத் தெரிந்துகொண்ட பிறகு, அப்பாவின் கைக்கு நான் பயப்படவில்லை.

இந்தப் பட்டம் எங்கள் வீட்டுக்குப் புதிதும் இல்லை. 1947-இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியபோது பெண்களும் போய் நின்றார்கள். என் பூட்டியும் போனார் என்று பாட்டி சொல்வார். "புருஷன சந்தி சிரிக்க வைக்க வந்துட்டாளுங்க" என்று அன்றைக்கும் பேசினார்களாம். விடியுமுன் பால்மரம் சீவப் போய், ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிய பெண்கள் அவர்கள். வீட்டு ஆம்பளை நிதானத்தோடு வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது?

அண்ணனுக்கு 2021-இல் மகள் பிறந்தாள். மூன்றாம் நாளே வேலைக்குப் போனான். 2023 ஜனவரியிலிருந்து தீபகற்ப மலேசியாவில் தனியார் துறையில் வேலை செய்யும் மணமான ஆண்களுக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதே சட்டத் திருத்தத்தில் தாய்க்கான விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. அப்பாக்களுக்கும் விடுப்பு வேண்டும் என்று கேட்டவர்களில் பெண்கள் அமைப்புகளும் இருந்தன.

ஆனால் இந்த உதாரணத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கூச்சம் வரும். பெண்ணுக்கு நியாயம் கேட்கும்போது, அதில் ஆணுக்கு என்ன லாபம் என்று முதலில் கணக்குக் காட்ட வேண்டுமா? நான் யாரையும் வெறுக்கவில்லை என்று சிரித்து நிரூபித்தால்தான் அம்மாவின் பசி கணக்கில் வருமா? அன்று நான் சிரித்தது அந்த நிரூபணத்துக்குத்தான்.

அப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உங்கள புடிக்காமயாப்பா? அம்மா நாலு மணிக்குச் சாப்பிட்டதுதான் புடிக்கல" என்றேன்.

"நானும் லோரி ஓட்டிட்டு அலுத்துதானம்மா வருவேன்."

"அம்மாவும் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுதானப்பா வந்தாங்க."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. எதிர்வீட்டில் பிள்ளைகள் மிச்சமிருந்த மத்தாப்பைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அவ எப்ப சாப்புடுவான்னு நா பாத்ததே இல்லம்மா" என்றார்.

பேருந்தில் நடந்தது அன்று வாய்வரை வந்தது. இன்னும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவிடம் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது.