ரூபாயா வெள்ளியா?

இன்டர்ன்ஷிப்புக்காக ரெண்டு மாசம் சிங்கப்பூர் போறேன்னதும் ஆளாளுக்கு அட்வைஸ். ஊறுகாய் எடுத்துக்கோ, குடை எடுத்துக்கோ. ஏடிஎம் கார்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என் கணக்கில் இருந்தது அப்பா சீட்டு எடுத்துப் போட்ட பணம். அதில் ஒரு வெள்ளி (டாலரை அங்கே நம்மாட்கள் இப்படித்தான் சொல்வார்கள்) வீணானாலும் மனசு ஆறாது. அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் வங்கியின் கட்டணப் பட்டியலை வரி விடாமல் படித்தேன். செமஸ்டருக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

நம்ம ஊர் டெபிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மார்க்கப் எடுக்கின்றன. அந்தக் கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 4.13 சதவீதம். 10,000 ரூபாய் செலவழித்தால் 413 ரூபாய் காணாமல் போகும். தேக்கா சந்தையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அது. அதனால் பாதிப் பணத்தை ஃபோரெக்ஸ் கார்டில் போட்டுக்கொண்டேன். ஆனால் சிங்கப்பூர் டாலராகவே ஏற்றணும். அமெரிக்க டாலராக ஏற்றி அங்கே தேய்த்தால் மறுபடி மாற்றுக் கட்டணம் விழும்.

இதைவிட நைசாக ஒரு வேலை நடக்கும். கடையில் கார்டைச் செருகியதும் மெஷின், "இந்திய ரூபாயில் கட்டறீங்களா?" என்று கேட்கும். பார்த்தால் நமக்கு உதவுற மாதிரியே இருக்கும். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு நிறுவனம் வைக்கும், அதற்குள் அவர்கள் லாபமும் இருக்கும். சில வங்கிகள் அதற்கு மேலும் தங்கள் கட்டணத்தைப் போடும். எனக்கு ஒரு கடையில் கேஷியரே ரூபாயை அமுக்கப் போனார். "அண்ணே, வெள்ளியிலயே போடுங்க" என்றேன். சிரித்துவிட்டு மாற்றினார். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான். அங்கே ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் தனிக் கட்டணம் உண்டு. ஐம்பது ஐம்பதாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் பணம் எடுக்கவே வேண்டாம், அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

ரயிலிலும் பஸ்ஸிலும் நம்ம ஊர் கார்டைத் தட்டலாம். ஆனால் தட்டுகிற நாளுக்கு 60 காசு நிர்வாகக் கட்டணம். ஈஸிலிங்க் அட்டை வாங்கினால் அது மிச்சம்.

என் ரூம்மேட், சேலத்துப் பையன், சனிக்கிழமை ராத்திரி மாட்டிக்கிட்டான். கார்டு வேலை செய்யலை. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே ஆப்பில் ஆன் பண்ணணும். அவனும் ஆன் பண்ணித்தான் வைத்திருந்தான். ஆனால் திடீர்னு வெளிநாட்டில் எடுத்ததைச் சந்தேகப்பட்டு வங்கி பிளாக் பண்ணிடுச்சு. கார்டுக்குப் பின்னாடி இருந்த 1800 நம்பர் அங்கிருந்து போகவே இல்லை. ஓடிபி வர வேண்டிய சிம்மில் ரோமிங்கும் இல்லை. நம்ம ஊரில் வங்கி பத்து மணிக்குத் திறந்தால் அங்கே பன்னிரண்டரை. திங்கட்கிழமை மதியம் வரைக்கும் அவன் சாப்பாடு என் ஃபோரெக்ஸ் கார்டில்தான் ஓடியது. நல்லா சாப்பிடுவான் வேற.